குடில் வீட்டுக்குள் வந்த கதை

டிசம்பர் பிறந்துவிட்டால் கடைவீதியெங்கும் பிளாஸ்டிக் மரமும் சீரியல் விளக்கும் நிறைந்துவிடுகின்றன. அதைப் பார்க்கும் வீட்டுப் பெரியவர்கள், "அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் இப்படியா இருந்தது?" என்று கேட்பார்கள். அந்தக் காலம் என்றால் எந்தக் காலம்? வீட்டுக்குள் எளிமையாகக் கொண்டாடும் வழக்கத்தை உருவாக்கியவர்கள் யார்? இன்று அதைத்தான் பேசப்போகிறோம்.

டிசம்பர் 25 பற்றிய மிகப் பழைய குறிப்பு ரோமாபுரியில் கிடைக்கிறது. அது 336ஆம் ஆண்டு விழாவைப் பற்றியது. அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்துமஸ் பெரும்பாலும் கோயில் விழாவாகவும் தெருவிழாவாகவுமே இருந்தது. குடியும் சூதாட்டமும் அதோடு ஒட்டிக்கொண்டன. பண்டிகைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று வாதிட்ட பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் இந்தக் கூத்தையும் காரணம் காட்டினார்கள். 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் பண்டிகையையே ஒழித்தது. அன்றைக்கும் கடையைத் திறந்தாக வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து கேன்டர்பரியில் மக்கள் கலகத்தில் இறங்கினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, கிறிஸ்துமஸ் கொண்டாடியவர் பிடிபட்டால் ஐந்து ஷில்லிங் அபராதம்.

பிள்ளைகளை நடுவில் வைத்து வீட்டோடு கொண்டாடும் கிறிஸ்துமஸ் பரவலானது கடந்த 200, 250 ஆண்டுகளில்தான். அதன் முக்கியமான அடையாளங்கள் சில, வசதி இல்லாத இடத்தில், வழி அடைபட்ட நேரத்தில் பிறந்தவை. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உயிரே அங்குதான் இருக்கிறது.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலிலிருந்து தொடங்குவோம். 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக்கிராமம். அசிசி நகர பிரான்சிஸ், இயேசு பிறந்த இடத்தின் ஏழ்மையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஜொவான்னி என்ற உள்ளூர்ப் பிரபுவிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். தீவனத் தொட்டி, அதில் வைக்கோல், பக்கத்தில் உயிரோடு ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் தீப்பந்தங்களோடு திரண்டு வந்தார்கள், அங்கேயே திருப்பலி நடந்தது. பிரான்சிஸின் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ் ஒரு செய்தி சொல்கிறார்: அந்த வைக்கோலை ஊரார் பத்திரப்படுத்தி, நோய்கண்ட கால்நடைகளுக்குக் கொடுத்தார்களாம். விழா முடிந்தபின் வைக்கோல் மாட்டுக்கே போனது எவ்வளவு பொருத்தம்!

காலப்போக்கில் குடில் ஆடம்பரமானது. 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் அரசரும் பிரபுக்களும் பட்டு உடுத்திய பொம்மைகளால் ஒரு முழுச் சந்தைத் தெருவையே குடிலில் அமைத்தார்கள். சாமானிய வீடுகளுக்கு எட்டாத செலவு அது.

குடிலைச் சாமானிய வீட்டுக்குள் கொண்டு சேர்த்தது தடைகள்தான். ஆஸ்திரியாவில் 1780களில் பேரரசர் இரண்டாம் ஜோசப், தேவாலயங்களில் குடில் வைப்பதைத் தடுத்தார். மக்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது பிரான்சில் தேவாலயங்கள் மூடப்பட்டன, நள்ளிரவுத் திருப்பலி நின்றது. தென்பிரான்சின் புரோவான்ஸ் பகுதி மக்களும் வீட்டுக்குள்தான் குடில் அமைத்தார்கள். ஆனால் பொம்மைக்கு எங்கே போவது? மார்செய் நகரச் சிற்பி ஜான்-லூயி லாஞ்யெல், சாந்தில் அச்சு எடுத்து, அதில் களிமண்ணை அழுத்திச் சின்னச் சின்ன உருவங்களாக வார்த்தார். விலை மலிவு. திருக்குடும்பத்தோடு அவர் நிற்கவில்லை. ரொட்டி சுடுபவர், மீனவர், மாவு அரைப்பவர், கத்திக்குச் சாணை பிடிப்பவர் என ஊரே குடிலுக்குள் வந்தது. நம் நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மை கடை விரித்து உட்கார்ந்திருக்குமே, அதுபோலத்தான். 1803இல் மார்செயில் இந்த மண்பொம்மைகளுக்கென்றே சந்தை தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் அது கூடுகிறது.

புரோவான்ஸ் வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. டிசம்பர் 4, புனித பார்பரா நாள். அன்று தட்டில் ஈரப் பஞ்சு பரப்பிக் கோதுமையைத் தூவுவார்கள். கிறிஸ்துமஸுக்குள் பச்சைப்பசேலென்று பயிர் எழுந்துவிடும். நம்மூர் வீடுகளிலும் பிள்ளைகள் குடிலுக்காகக் கேழ்வரகோ கடுகோ முளைக்கப் போடுகிறார்கள். கடையில் செயற்கைப் புல்விரிப்பு வாங்கலாம்தான். ஆனால் காலையில் எழுந்ததும் ஓடிப்போய், முளை விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் பிள்ளைக்குக் கிடைப்பதை அந்த விரிப்பு தராது.

அதுபோன்ற ஒரு காத்திருப்பிலிருந்து பிறந்ததுதான், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக்காலத்தின் மெழுகுவர்த்தி வளையம். இடம் ஜெர்மனியின் ஹாம்பர்க். யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற இளம் இறையியலாளர் 1833இல் நகரின் வறிய, கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். டிசம்பர் வந்தால் பிள்ளைகள் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கிறிஸ்துமஸ் எப்போது?" 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். வாரநாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகள், நான்கு ஞாயிறுகளுக்கும் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள் என்று அதில் நிறுத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். எத்தனை எரிகிறது, எத்தனை பாக்கி என்று எண்ணியே பிள்ளைகள் நாளைத் தெரிந்துகொண்டார்கள். எண்ணும் பழகியது, பொறுமையும் பழகியது. ஊசியிலைத் தழை பின்னால்தான் சேர்ந்தது. வீடுகளுக்கு வந்தபோது வளையம் நான்கு மெழுகுவர்த்தியாகச் சுருங்கியது. இன்று கடையில் விற்கும் அலங்கார வளையத்துக்கு மூலம், தாய் தகப்பன் அன்பு கிடைக்காத பிள்ளைகளுக்காக ஒருவர் நிறுத்திய வண்டிச் சக்கரம்.

நட்சத்திரத்தின் கதையும் இதற்கு நெருக்கமானது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மொரேவிய சபையார் நடத்திய விடுதிப் பள்ளிகள் இருந்தன. அங்கே படித்த பலர் மிஷனரிகளின் பிள்ளைகள். பெற்றோர் கடல்கடந்த நாடுகளில், பிள்ளைகள் விடுதியில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பள்ளிகளில் வடிவியல் பாடத்துக்காகத் தாளை வெட்டி, மடித்து, ஒட்டி, பல முனை நட்சத்திரங்கள் செய்தார்கள். பின்னர் திருவருகைக்கால முதல் ஞாயிறன்று நட்சத்திரம் கட்டித் தொங்கவிடுவதே வழக்கமாகிவிட்டது. ஹெர்ன்ஹுட் நட்சத்திரம் என்று இன்று உலகமெங்கும் அறியப்படுவது அதுதான். இதே சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து சில பத்தாண்டுகள் தங்கியிருந்தார்கள்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் வீடுகளின் கூடத்தில் மரம் நிறுத்தியதாக ஒரு குறிப்பு உள்ளது. அதில் தொங்கியவை பல வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள், மெல்லிய அப்பம், இனிப்பு. 1848இல் விக்டோரியா அரசி குடும்பத்தின் மரம் லண்டன் பத்திரிகை ஒன்றில் படமாக வெளியான பிறகு அது பெரும் நாகரிகமானது. அதற்கு ஐந்தாண்டு முன்பே அச்சடித்த வாழ்த்தட்டையும் விலைக்கு வந்துவிட்டது. வணிகம் நுழைந்த கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை நீட்டவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக்குக் கத்தோலிக்கரான சவேரியார் 1542இல் வந்தார். தரங்கம்பாடியில் லுத்தரன் சபையின் சீகன்பால்க் 1706இல் இறங்கினார். இரு மரபுகளும் இங்கே வேரூன்றி, நம் கைக்கெட்டும் பொருட்களை எடுத்துக்கொண்டன. மூங்கில் பட்டையில் வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம், பனையோலைக் கூரை, கசக்கிச் சாயம் பூசிய காக்கித்தாளில் மலைக்குகை, உடைந்த கண்ணாடித் துண்டில் குளம். கத்தோலிக்க வீடுகளில் 24ஆம் தேதி நள்ளிரவு வரை தொட்டில் காலியாகவே இருக்கும், பூசை முடிந்த பிறகுதான் குழந்தை இயேசுவை வைப்பார்கள். அடுப்படியில் அச்சு முறுக்கு, அதிரசம். குமரி, நெல்லைப் பக்கமென்றால் பச்சைப்பயறில் முந்திரிக்கொத்து. எந்த மதத்தார் என்று பாராமல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பலகாரத் தட்டு போகும். எளிய கிறிஸ்துமஸ் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வேன், அது நம் ஊரிலேயே இருக்கிறது, இறக்குமதி தேவையில்லை.

இந்த ஆண்டு உங்கள் வீட்டில் குடிலும் நட்சத்திரமும் செய்ய விரும்பினால் எல்லாவற்றையும் ஒரே மாலையில் முடித்துவிடாதீர்கள். வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், கோணலாக வந்தாலும் இருக்கட்டும். காகித நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம், சின்ன எல்.இ.டி. பல்பு போதும். டிசம்பர் 4ஆம் தேதி ஒரு கைப்பிடி கேழ்வரகையோ கோதுமையையோ ஊறவைத்து, ஈர மண்ணில் தூவிவிடுங்கள். தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், 24ஆம் தேதிக்குள் குடிலுக்குப் புல் தயாராகிவிடும்.