முகம் தெரிகிறது, பெயர்தான் வரவில்லை
(மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிப்பட்டுக் கடைத்தெருவில் ஒருவர் சிரித்துக்கொண்டே எதிரே வருகிறார். நம் குடியிருப்புக்காரர்தான், முகம் நன்றாகத் தெரிகிறது. பெயர் மட்டும் வரவில்லை. உடனே, "எனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ?" என்று பயப்படுகிறீர்கள் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

முகத்தை அடையாளம் காண்பதும், அதோடு பெயரைச் சேர்ப்பதும் மூளைக்கு வேறு வேறு வேலைகள். "முன்பே பார்த்திருக்கிறேன்" என்ற உணர்வுக்குப் பெரிரைனல் புறணி என்ற பகுதி உதவுகிறது. முகத்தையும் பெயரையும், சாவியையும் அதை வைத்த இடத்தையும் முடிச்சுப் போடுவது அதன் அருகிலுள்ள ஹிப்போகாம்பஸ்.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பு நோய்க்காக இருபுறமும் இப்பகுதியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பேச்சும் அறிவும் குறையவில்லை. ஆனால் பல ஆண்டுகள் தன்னைச் சோதித்த பிரெண்டா மில்னரை ஒவ்வொரு முறையும் புதியவராகவே சந்தித்தார்.

இந்த முடிச்சு எவ்வளவு வலுவாகவும் இருக்கலாம் என்பதற்கு நம் நாட்டுச் சான்று, இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர். அவதானத்தில் பலர் மாறி மாறிக் கேட்பார்கள். கேள்வி மட்டுமல்ல, அதைக் கேட்டவர் யார் என்பதும் நினைவில் நிற்க வேண்டும்.

வயதாகும்போது இந்த முடிச்சு தளர்கிறது. சற்று நேரம் கழித்துப் பெயர் வந்துவிட்டால் கவலை வேண்டாம். பெயரையும் முகத்தையும் ஒரே படமாக்கிப் பாருங்கள்: மல்லிகா என்றால் அவர் தலையில் மல்லிகைச் சரம். இரண்டும் ஒன்றானால் நினைவில் வைப்பது எளிது.

ஆனால் பழகிய வழியில் வீடு தெரியாமல் நிற்பது, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, கணக்குவழக்கில் தடுமாறுவது ஆகியவை வெறும் வயதின் அடையாளம் அல்ல. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குவது ஹிப்போகாம்பஸையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும்தான். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்களிடம், "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். "மாமா, நான் இரண்டாம் மாடி மல்லிகா" என்று தமிழிலோ தெலுங்கிலோ நீங்களே முதலில் சொல்லுங்கள். யாராவது தவறான கதவின் முன் நின்றால், சிரிக்காமல் கைபிடித்து அவர் வீட்டில் விட்டுவாருங்கள்.