விடுபட்ட பெயர்களை விட்டுவிட மாட்டோம்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, மலை இறங்கி, நேரே இந்த வகுப்புக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுவோம். தோட்டங்களுக்குப் போனால் நம்மிடம் அதிகமாகக் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "பக்கத்துக் காம்பராவுக்கு அஸ்வெசும வருகிறது, எங்களுக்கு ஏன் வரவில்லை?"

முன்பு சமுர்த்தி இருந்தது. 1995இல் அது தொடங்கியபோது, தோட்டத்து ஆட்கள் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று சொல்லி நம்மில் பெரும்பாலானோரை ஒதுக்கி வைத்தார்கள். செக்ரோலில் பெயர் இருந்தால் வறுமை இல்லை என்பது அவர்கள் கணக்கு. 2019ஆம் ஆண்டின் அரசாங்கப் புள்ளிவிபரம் என்ன சொல்கிறது? நாடு முழுவதும் வறுமை 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம். மூன்று பேரில் ஒருவர்.

2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. இது 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடப்பது. யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல. தகுதி உள்ளவருக்குச் சட்டப்படி வர வேண்டிய பணம்.

கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகளில் 22 விடயங்களைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். அந்தப் புள்ளிதான் குடும்பத்தை வகைப்படுத்துகிறது. 2025 முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. அதற்கு மேலுள்ள இரண்டு வகையினருக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்றே தொடக்கத்தில் சொல்லப்பட்டது.

இப்போது லயத்து வாழ்க்கையை அந்தப் படிவத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரே காம்பராவில் அப்பா அம்மா ஒரு அடுப்பு, கல்யாணம் முடித்த மகன் ஒரு அடுப்பு. அவர்கள் ஒரு குடும்பமா, இரண்டா? ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் கரண்ட் எடுத்தால், பில் யார் கணக்கில் விழும்? கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையின் சம்பளம் உண்மையில் வீட்டுக்கு வருகிறதா? நாம் விளக்கிச் சொல்லாவிட்டால் எழுதுகிறவருக்கு இது தெரியாது. தவறாக எழுதப்பட்ட ஒரு பதில் ஒரு குடும்பத்தையே மேலே தள்ளிவிடும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் செய்ய வேண்டிய வேலைகள் இவை:

ஒன்று, லயம் லயமாகப் போய், விடுபட்டவர்களின் பட்டியலை எழுதுங்கள். விதவைத் தாய்மார், நோயாளிகள், வேலை நின்ற முதியவர்கள் முதலில்.

இரண்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சியம்மா ஓரிடத்தில் பேச்சாயி என்றிருந்தால் இப்போதே திருத்த ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்று, மேன்முறையீட்டுக்குத் திகதி அறிவித்தால் அன்றே பெரட்டில் சொல்லுங்கள். தோட்டக் காரியாலயத்துக்கு வரும் கடிதம் மேசையில் கிடந்தே நாள் போய்விடக் கூடாது. பிரதேச செயலகத்தில் கொடுப்பதற்குப் பிரதி எடுத்து, ஒப்படைத்ததற்குத் துண்டும் வாங்குங்கள்.

நான்கு, தமிழ்ப் படிவம் கேளுங்கள். அது நம் உரிமை. விளங்காத தாளில் யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இந்த வேலையில் கட்சி, சங்கம் பார்க்க வேண்டாம். வேறு சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. அஸ்வெசும வருகிறதே என்று சம்பளக் கோரிக்கையைத் தளர்த்த மாட்டோம். நாள் முழுக்க மலையில் நிற்கிறவருக்கு நிவாரணம் தேவைப்படுகிறதென்றால் குறை அவரிடம் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது. நியாயமான சம்பளம் கிடைக்கும் வரை இரண்டையும் கேட்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு தோட்டத்தின் பட்டியலும் கையில் இருக்கட்டும்.