இடிக்கிறவன் தேதி குறிக்கும் முன்னே



கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் பெவிலியன் நிற்கிறதே, அந்த இடத்தில் ஒரு பெண்கள் பள்ளி இருந்தது. 1893-இல் மிஷனரிகள் தொடங்கி, 1930-இல் அங்கே குடியேறிய பள்ளி. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். 2000-இல் பள்ளியைச் செராசுக்கு அனுப்பினார்கள், கட்டடத்தை இடித்தார்கள். 2007-இல் அங்கே கடைவளாகம் திறந்தது. படித்தவர்களும் பெரிய பதவியில் இருந்தவர்களும் அதன் பழைய மாணவிகள். அவர்கள் இருந்தும் அந்தச் சுவர் நிற்கவில்லையே!

அப்படியென்றால் நம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யார் அழுதார்கள்?

நான் படித்த பள்ளிக்குப் பலகைச் சுவர், தகரக் கூரை. ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு. நடுவில் கரும்பலகைதான் தடுப்பு. மழை பெய்தால் வாத்தியார் வாயசைவதுதான் தெரியும். வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் மணி. ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அந்தச் சத்தம் மர நிரைக்குள் கேட்கும். பிள்ளை பள்ளிக்குள் போய்விட்டான் என்று நிம்மதியாக அடுத்த மரத்துக்குப் போவார்.

தோட்டம் கைமாறியது. லயங்கள் காலியாயின. ஒரு பள்ளி விடுமுறையில் இயந்திரம் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது செம்மண் மேடுதான் கிடந்தது. அந்த மணியைக்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை.

ஏன் யாரும் கேட்கவில்லை? நிலம் கம்பெனியுடையது. தோட்டப் பள்ளிகள் பலவும் அரசின் பகுதி உதவி மட்டுமே பெற்றதற்கு அதுதான் காரணம். நிலத்தை விற்றவன் பள்ளியையும் சேர்த்தே விற்றான். 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 530-ஐ ஒட்டி. நம் மலாக்காவில் 21.

"கறையான் அரித்த பலகைக்கா இத்தனை கூப்பாடு?" என்கிறார்கள். புதுக் கட்டடம் வேண்டாம் என்று எந்தத் தமிழன் சொன்னான்? நம் பிள்ளைகளுக்கு நல்ல வகுப்பறை வேண்டும். அதற்காகப் பழைய கூடத்தைத் தரைமட்டமாக்கியே தீரவேண்டுமா?

1807-இல் ஆங்கிலேயன் இந்த ஊர்க் கோட்டையைத் தகர்த்தான். மிஞ்சியது ஒரே ஒரு வாசல். அதைப் பார்க்கத்தான் இன்றைக்கு வண்டி வண்டியாக ஆள் வருகிறது! போர்த்துக்கீசியன் கட்டிய வாசலுக்குக் காவலும் விளக்கும் உண்டு. நம் பாட்டி கைபிடித்துக் கூட்டிவந்து விட்ட வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாதா?

2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி, ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி அமைச்சருக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். பால் வெட்டிய கையும் எழுதலாம். இடிக்கிறவன் தேதி குறித்த பிறகு எழுதுவதை விட்டுவிட்டு, இப்போதே எழுதுவோம்.

இங்கே வாசலில் மேசை போட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் தோட்டத்தின் பெயர், நீங்கள் படித்த வருஷம், பழைய கட்டடத்தில் இன்னும் எது நிற்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். பெட்டிக்கடியில் பழைய வகுப்புப் படம் இருந்தால் கொண்டு வாருங்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் அந்தச் சுவர் தெரியும். யார் வீட்டுக் கொல்லையிலாவது ஒரு தண்டவாளத் துண்டு கிடந்தால், அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.