சூதுபவள மாலை



கழுத்தில் கிடக்கும் மாலை அறுந்து சிதறும்போதுதான் அதில் எத்தனை மணிகள் இருந்தன என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். தில்லியில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஒருநாள் அந்திப் பொழுதில் அவ்வாறு எண்ண நேர்ந்தது. வீட்டு அம்மையார் அணிந்திருந்த சிவந்த கல்மணி மாலை, நூல் இற்று, மூன்று தளங்களுக்கும் உருண்டோடிற்று. அண்டை வீட்டுப் பஞ்சாபிக் குழந்தைகள் உட்பட எல்லோரும் குனிந்து தேடியதில் 52 மணிகள் அகப்பட்டன. மொத்தம் 53 என்பது அம்மையாரின் உறுதியான கணக்கு. நடுவில் ஒரு பெரிய மணி, அதன் இரு பக்கமும் அளவில் படிப்படியாகக் குறைந்து செல்லும் இணை மணிகள் என்ற அமைப்பு அது. ஆகவே ஒன்று தொலைந்தால் அதன் இணையும் பயனற்றதாகிவிடுகிறது. அந்த ஒற்றை மணியைக் குறித்தே இன்று பேசப் போகிறோம் என்று சொன்னாலும் தவறில்லை.

பழைய தில்லியில் மணி கோப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பட்வாக்கள் இருக்கிறார்கள். காலின் பெருவிரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரு கைகளாலும் முடிச்சிடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். எங்கள் மணிகளை ஒரு முதிய பட்வாவிடம் கொடுத்தோம். அவர் உடனே கோக்கத் தொடங்கவில்லை. ஒற்றை மணியை எடுத்து விளக்கின் எதிரே பிடித்து, துளையின் உள்ளே பார்க்கும்படி எங்களிடம் தந்தார். துளை நேராக இல்லை. இரு முனைகளிலிருந்தும் தோண்டப்பட்டு நடுவில் சந்தித்த இடத்தில் சிறு படிக்கட்டுப் போல ஒரு விளிம்பு நின்றது. நூலை அறுத்தது அந்த விளிம்பே. “நூலைக் குறை சொல்லாதீர்கள், கல்லுக்குள் கத்தி இருக்கிறது” என்றார் அவர்.

கல்மணி மாலை செய்ய விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது இதுதான். நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறோம்; துளையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மணியையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, துளை நடுவே செல்கிறதா, வாய் சிதைந்திருக்கிறதா, உள்ளே படி இருக்கிறதா என்று ஆராய்ந்து வாங்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இந்தச் சிவந்த கல்லை வடநாட்டுக் கடைகளில் ஹகீக் என்கிறார்கள். ஆங்கிலத்தில் கார்னீலியன். மொழிபெயர்ப்பிலேயே பொழுதைக் கழிக்கும் எங்களுக்கு இதற்கு நேரான தமிழ்ச் சொல் ஒன்று கிடைக்காமல் நெடுநாள் இடர்ப்பாடு இருந்தது. தமிழகத் தொல்லியல் அறிஞர்கள் சூதுபவளம் என்று வழங்குவதைக் கண்ட பின்னரே மனம் அமைதியுற்றது. பவளம் என்ற பெயர் இருப்பினும் இது பவளம் அன்று. பவளம் கடலில் சிற்றுயிர்கள் கட்டுவது, மென்மையானது. சூதுபவளமோ படிகக் கல்லின் இனத்தைச் சேர்ந்தது. எஃகுக் கத்தியாலும் எளிதில் கீற முடியாதது. இந்த வேறுபாடு அகராதிக்கு மட்டும் உரியதன்று. மாலை கோப்பவருக்கும் வேண்டியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கோத்தால் நாளடைவில் சூதுபவளம் உராய்ந்து பவளத்தைத் தேய்த்துவிடும். முத்துக்கும் அதே கதிதான்.

அந்த மணிகள் எங்கிருந்து வருகின்றன என்ற ஆவல் எங்களைக் குஜராத்துக்கு இழுத்துச் சென்றது. ஆமதாபாத்தில் மணிநகர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே எங்கள் உறவினர் இல்லமும் ஒன்று உண்டு. (ஊரின் பெயர் எங்கள் பொருளுக்குப் பொருத்தமாக அமைந்தது தற்செயலே.) அங்கிருந்து தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் சென்றால் கம்பாத் நகரம். ஆங்கிலேயர் காம்பே என்று எழுதியது இவ்வூரையே. ஒரு காலத்தில் பெருந்துறைமுகம். வண்டல் படிந்து கடல் விலகிய பின் கப்பல்கள் போயின, மணித்தொழில் மட்டும் நின்றது.

கல் கம்பாத்தில் கிடைப்பதில்லை. நருமதைக்குத் தெற்கே, பரூச் மாவட்டத்து இரத்தன்பூர்க் குன்றுகளில் தோண்டி எடுத்து வருகிறார்கள். தோண்டும்போது அது சிவப்பாகவும் இருப்பதில்லை. மஞ்சளும் பழுப்புமாக, பார்ப்பதற்குச் சாதாரணக் கூழாங்கல் போலத்தான் இருக்கும். அதை வெயிலில் நெடுநாள் உலர்த்தி, மண்பானைகளில் சாம்பலோடு இட்டு, எருவும் மரத்தூளும் மூட்டிய மெல்லிய தீயில் வேகவைக்கிறார்கள். கல்லில் கலந்திருக்கும் இரும்புச் சத்து வெப்பத்தால் மாறிச் செந்நிறம் கொள்கிறது. தீ சற்று விரைந்தால் கல் வெடித்துவிடும். வேண்டிய சிவப்பு வரும்வரை ஒரே கல்லை மீண்டும் மீண்டும் சூளையில் வைப்பதும் உண்டு.

பிறகு உடைத்தல். இதைக் கண்ணால் கண்டாலன்றி நம்ப முடியாது. தரையில் சாய்வாக ஊன்றிய கூரிய இரும்பு முளை ஒன்று; அதன் முனையில் கல்லைச் சாய்த்துப் பிடித்து, எருமைக் கொம்பாலான சுத்தியலால் மெல்லத் தட்டுகிறார்கள். சுத்தியல் படும் பக்கம் உடைவதில்லை. இரும்பு முனை தொடும் பக்கத்திலிருந்து செதில் தெறிக்கிறது. சில நிமிடங்களில் கரடுமுரடான கல் மணியின் வடிவத்தை அடைந்துவிடுகிறது. அதன்மேல் சாணைச் சக்கரத்தில் தீட்டி, துளையிட்டு, மெருகேற்றுவார்கள். பழைய தச்சர்கள் வில்லைக் கொண்டு தமர் சுழற்றியது போலவே, வைரத் துணுக்குப் பதித்த ஊசியை வில்லால் சுழற்றித் துளையிடும் முறை இங்கே நெடுங்காலம் வழங்கியது; இப்போது விசைப்பொறியும் வந்துவிட்டது. துளையிடும் இடத்தில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இரு முனைகளிலிருந்தும் தோண்டுவதால்தான் நடுவில் அந்தப் படி உண்டாகிறது. நல்ல கைக்காரரின் மணியில் அது தெரியாது.

கம்பாத்தில் நாம் காண்பது நேற்றுத் தோன்றிய தொழில் அன்று. அதே வளைகுடாவை அடுத்த லோத்தல் என்னுமிடத்தில் எஸ். ஆர். ராவ் அவர்கள் 1955-இல் தொடங்கி நடத்திய அகழாய்வில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மணிப்பட்டறை ஒன்று வெளிப்பட்டது. முடித்ததும் முடியாததுமான சூதுபவள மணிகள் அங்கே கிடைத்தன. மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் லியனார்டு வூல்லி கண்ட செம்மணிகளில் சில சிந்துவெளியிலிருந்து சென்றவை என்று அறிஞர் கூறுவர். சிந்துவெளிக் கைவினைஞரிடம் வைர ஊசி இல்லை. கடினமான கல் ஊசியைக் கொண்டே விரல் நீளத்துக்கும் மிஞ்சிய மணிகளைத் துளைத்தார்கள். அம்முறையை இக்காலத்தில் செய்து பார்த்தவர்கள், ஒரு மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் அளவே துளை இறங்கியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே மணிக்குப் பல நாள் உழைப்பு!

நம் நாட்டுப் பக்கமும் இத்தொழில் அறியாததன்று. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், பச்சைக்கல், படிகம் ஆகியவற்றின் மணிகள் பல்வேறு செய்நிலைகளில் கிடைத்தன. பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பர். பச்சைக்கல் அருகிலுள்ள படியூரில் கிடைக்கும். சூதுபவளத்துக்கு உரிய கல் குஜராத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியானால், வடபுலத்தில் பிழைக்க வந்த நமக்கு நெடுங்காலம் முன்பே, எதிர்த்திசையில் ஒரு கல் பயணம் செய்திருக்கிறது.

இதுவரை கேட்டது இன்பமான கதை. கம்பாத்தின் சந்துகளில் நாங்கள் கண்ட மற்றொன்றையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் மெலிந்த மனிதர் ஒருவர் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். முதியவர் என்று எண்ணி வணங்கினோம். வயது நாற்பத்திரண்டு என்றார்கள், எங்களினும் இளையவர். இருபது ஆண்டுகள் சாணைச் சக்கரத்தின் முன் அமர்ந்தவர். ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூன்று முறை மூச்சு வாங்கினார். உள்ளே அவர் தம்பி அதே சக்கரத்தில் மணி தீட்டிக்கொண்டிருந்தார். புருவமும் மீசையும் மாவில் தோய்ந்தாற்போல் வெளுத்திருந்தன.

அந்த வெண்புழுதிதான் பகை. சூதுபவளமும் அதன் இனக் கற்களும் பெரும்பாலும் சிலிக்கா. தீட்டும்போது எழும் நுண்ணிய தூள் நுரையீரலில் படிந்து, தழும்பாக இறுகி, மூச்சை அடைக்கிறது. சிலிகோசிஸ் என்பது நோயின் பெயர். இதற்கு மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் நோய் வளர்வதுண்டு. காசநோயும் எளிதில் தொற்றுகிறது. ஆகையால் காசநோய் என்றே கருதி மருந்து கொடுத்து ஆண்டுகள் கழிவதும் உண்டு. வீடே பட்டறையாக இருப்பதால், சக்கரத்தைத் தொடாத பெண்டிரும் பிள்ளைகளும் அதே காற்றையே உட்கொள்கிறார்கள். ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத்துத் தொழிலாளரை ஆராய்ந்து இந்நோயைப் பதிவு செய்திருக்கிறது. புழுதியை உறிஞ்சி வெளியேற்றும் குழாயும், நீர் தெளித்துத் தீட்டும் முறையும் இதைப் பெரிதும் குறைக்கும். ஆனால் கல் வணிகருடையது, கூலி எண்ணிக்கைக்கு. குழாய் போடும் செலவை யார் ஏற்பது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், விசை கொண்டு இயங்கும் இடமாயினும் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் பொருந்துவதாக இருந்தது. திண்ணையில் இருவர் அமர்ந்து தீட்டும் வீட்டுக்குள் அது எப்படி நுழையும்?

அப்படியானால் இம்மணிகளை வாங்கவே கூடாதா என்று எங்கள் உறவினர் மகள் கேட்டாள். மணி கோத்து விற்பதையே சிறுதொழிலாகக் கொண்டவள் அவள்; நவராத்திரிக் காலத்தில் தன் கையால் செய்த மாலைகளை அக்கம்பக்கத்தில் விற்கிறாள். வாங்காவிட்டால் அந்தத் தம்பியின் அடுப்பு அணையும். வாங்கினால் அண்ணனின் வழியே அவரும் போவார். எங்களுக்கு எளிய விடை தோன்றவில்லை. அவளே ஒன்று செய்தாள். மணி தரும் வணிகரிடம், நீர் விட்டுத் தீட்டும் பட்டறையின் சரக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். அவர் வியப்போடு பார்த்தார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். விலை சற்றுக் கூடுதலாகும் என்றார். கூடுதல் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு நாங்களும் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. துளை சிறிதாக இருந்தால் வைர முனை ஊசியால் வீட்டிலேயே அகலப்படுத்துவது அவள் வழக்கம். உலர்ந்த நிலையில், மடியில் வைத்து, முகத்துக்கு அருகே! கம்பாத்துத் திண்ணையின் புழுதி சிறிய அளவில் அங்கேயும் எழுகிறது. இப்போது ஒரு கிண்ணத்து நீரில் மணியை அமிழ்த்திப் பிடித்தே துளையின் விளிம்பைத் தேய்க்கிறாள். அந்த நீரை வீட்டுக்குள் காயவிடாமல் வெளியே கொட்டிவிடுகிறாள்.

இனி எங்கள் மாலைக்கு வருவோம். பட்வா முதியவர் சொன்ன முறைப்படி அதை நாங்களே கோத்தோம். கோப்பதற்கு முன் அடுக்குவதே பெரிய வேலை. துண்டை நீளவாட்டில் மடித்தால் உண்டாகும் பள்ளத்தில் மணிகளை வரிசையாக வைத்து, அளவும் நிறமும் பார்த்து இணை சேர்த்தோம். கல்மணியில் நிறம் ஒன்றுக்கொன்று ஒத்திராது. அடர்ந்த சிவப்பை நடுவிலும், ஆரஞ்சு கலந்ததைப் பின்கழுத்துப் பக்கமும் தள்ளினால் வேறுபாடே அழகாகிவிடும். எல்லா மணிகளும் ஒரே சிவப்பாக இருந்தால் சாயமேற்றிய கல்லோ என்று ஐயுறலாம். மணிக்கொரு தங்கக் குண்டு கோக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கல்லின் நிறத்தைத் தங்கம் விழுங்கிவிடும் என்று தள்ளிவிட்டோம்.

பட்டு நூல் நாளடைவில் நீளும். ஆகவே அதில் ஒரு பூட்டைக் கட்டி ஓரிரவு தொங்கவிட்டோம். மாலையின் நீளம் 18 அங்குலம். இரட்டையாகப் பிடித்த நூல் அதைப் போல் மூன்று மடங்கு. ஒவ்வொரு மணிக்குப் பின்னும் ஒரு முடிச்சு. தளர்ந்த வளையம் இட்டு, அதனுள் ஊசியை நுழைத்து மணியை ஒட்டி நகர்த்தி, அங்கேயே இறுக்க வேண்டும். முடிச்சு இருந்தால் மணியோடு மணி உராயாது. நூல் அறுந்தாலும் ஒன்றே விழும். முதல் நாள் எட்டு முடிச்சுகள் தள்ளி விழுந்தன, அவிழ்த்தோம். இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குக் கொக்கி மாட்டி முடிந்தது.

மாலையில் இப்போது 51 மணிகள். இணையை இழந்த ஒற்றை மணி குங்குமச் செப்பில் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மாலையைப் பாராட்டினால், அம்மையார் முதலில் அந்த மணியை எடுத்துக் கொடுத்து, விளக்கின் எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்கிறார்.