மாமா, எங்க செத்தீங்க?

நடுவர் அவர்களே! வெற்றி, வெற்றி என்று தொண்டை வறள முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

'மனிதனை வளர்ப்பது வெற்றியா? தோல்வியா?' என்று தலைப்புக் கொடுத்து, என்னைத் தோல்வி அணியிலே போட்டிருக்கிறீர்கள். பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். (சிரிப்பு) எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "தோற்றுத் தோற்றே வளர்ந்தவன் எவனாவது உண்டா? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க!" என்று சவால் விட்டார்கள். காட்டுகிறேன் அம்மா. குள்ளமான ஆள். பெரிய மீசை. தலையில் தொப்பி. தொழில், பிளம்பர். பேரு மாரியோ. (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்காதீங்க. 1985-இல் ஜப்பானில் நின்டென்டோ கம்பெனி கொண்டுவந்த வீடியோ கேம், 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. ஷிகெரு மியமோட்டோ என்பவர் முன்னின்று உருவாக்கியது. 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. கதை நமக்குத் தெரிந்த கதைதான். இளவரசியை ஒருத்தன் தூக்கிக்கொண்டு போய்விட்டான், மீட்க வேண்டும். 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம், ஆக 32 கட்டம். கையிலே இருப்பது 3 உயிர். அனுமன் ஒரே தாவிலே கடலைத் தாண்டினான். இவன் கடைசி வரைக்கும் தாண்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

1996. எனக்கு 27 வயசு. அக்கா வீட்டிலே தங்கி ஆராய்ச்சி. அத்தான் பையனுக்கு டி.வி. கேம் பெட்டி வாங்கிக்கொடுத்தார். ஜப்பான் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல், அப்போ நம்ம ஊர்க் கடைகளிலே கிடைத்தது. கேசட்டை வாயால ஊதி ஊதிப் போடணும். ஒன்பது வயசுப் பையன், "ஆடுங்க மாமா"ன்னு கையிலே கொடுத்தான். எந்தப் பட்டனை அமுக்கணும்னு நான் கேட்கிறதுக்குள்ளே, பழுப்பா காளான் மாதிரி ஒண்ணு நடந்து வந்துச்சு. லேசா உரசுச்சு. அவ்வளவுதான். அகநானூற்றுப் பாலைத்திணையை ஆராய்கிறவன், ஒரு காளானுக்குக் காலி! (சிரிப்பு)

ஒவ்வொரு உலகத்துக் கோட்டையிலும் தீயைத் தாண்டி, அரக்கனைக் கவிழ்த்து உள்ளே போனா, ஒருத்தன் நின்னு நன்றி சொல்லிட்டு, இளவரசி வேற கோட்டையிலே இருக்கான்னு சொல்வான். ஒரு தடவை இல்லைங்க, ஏழு தடவை! ரேஷன் கார்டுலே பேர் சேர்க்க அலைஞ்சவங்களுக்கு இது புதுசா இருக்காது. (பலத்த சிரிப்பு)

நான் ஏன் ஆடினேன் தெரியுமா? என் ஆய்வேடு 'திருத்தி அளிக்க' என்று திரும்பி வந்து மூணு மாசம். அறிக்கையின் முதல் வரிக்கு மேலே நான் படிக்கலை. உறையோட அக்காவின் பீரோவிலே, புடவைக்கு அடியிலே வெச்சுட்டேன். ஊரிலே எங்க அப்பா, "என் மகன் டாக்டர் ஆகப்போறான்"னு டீக்கடை வரைக்கும் சொல்லியாச்சு. எனக்கோ எல்லாம் போச்சுன்னு முடிவு. ஒரு ஜவுளிக்கடையிலே கணக்கெழுதும் வேலைகூடக் கேட்டு வெச்சிருந்தேன். அந்த உறை ஞாபகம் வராம இருக்கத்தான் ராத்திரியெல்லாம் மாரியோ.

பையன் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேப்பான். "மாமா, எங்க செத்தீங்க?"

"பள்ளத்துலடா."

"நின்னு குதிச்சீங்களா, ஓடி வந்து குதிச்சீங்களா?"

எனக்குத் தெரியலை. "அதைப் பாக்காம மறுபடி ஆடினா, மறுபடியும் அங்கேயேதான் மாமா சாவீங்க!"

அவன் சொன்னது அந்த விளையாட்டின் நுட்பம். முதல் காளான் முதல் தடவை எங்கே வந்ததோ, நூறாவது தடவையும் அங்கேதான் வரும். பள்ளம் ஒரு அங்குலம்கூட அகலம் மாறாது. கண்டிப்பான வாத்தியார்தான், ஆனா சிலபஸை மாத்தாத வாத்தியார்.

இன்னொரு ஜாதி உண்டு. 1986-இல் ஜப்பானில் இதற்கு இரண்டாம் பாகம் வந்தது. பலம் தருகிற காளான் மாதிரியே விஷக் காளான். முன்னேற வழின்னு நினைச்சு ஒரு இடத்திலே நுழைஞ்சா, முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்! அமெரிக்கக்காரர்களுக்கு இது மிகக் கடுமை என்று கருதி, 1988-இல் அதே பெயரிலே வேற விளையாட்டைக் கொடுத்தார்கள். 1993-இல்தான் அசல் அங்கே போனது. ஆகவே எல்லாத் தோல்வியும் வளர்க்கும்னு நான் வாதாட வரலை. ஏமாத்தித் தள்ளிவிடுகிற தோல்வி மனுஷனை முடக்கிப்போடும். இதை எதிரணிக்கு இலவசமாவே தர்றேன், எடுத்துக்குங்க.

ஒருநாள் எட்டாவது உலகத்திலே மூணு உயிரும் போச்சு. பெட்டியை அணைச்சு முதலிலேருந்து தொடங்கப் போனேன். பையன் கையைப் பிடிச்சுட்டான். "ஏ பட்டனை அமுக்கிக்கிட்டே ஸ்டார்ட்டை அமுக்குங்க." அமுக்கினேன். எட்டாவது உலகத்திலேயே கொண்டுபோய் நிறுத்துச்சு! "எதுக்கு மாமா ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறீங்க?"

அன்னைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கினப்புறம் பீரோவைத் திறந்தேன். கை நடுங்குச்சுங்க. நாலு பக்க அறிக்கை. குறை சொன்னது மூணாம் இயலை மட்டும். பாடல்களை எண்ணிக் கணக்குப் போட்டவன், எதுக்காக எண்ணினேன்னு சொல்லவே இல்லையாம். நூத்துக்கு நூறு உண்மை! மற்ற நாலு இயலையும் நல்லா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. (கைதட்டல்) மூணு மாசம் புடவைக்கு அடியிலே கிடந்துச்சு அந்தப் பாராட்டு.

1997-இல் பட்டம் கிடைத்தது. அம்மையார் அவசர அவசரமாகக் குறிப்பு எடுக்கிறார்கள், 'அது வெற்றிதானே' என்று மடக்குவதற்கு. ஆமாம் அம்மா, வெற்றிதான். ஆனா அந்த அறிக்கையை நான் வரி வரியா மனப்பாடம் பண்ணினேன். பட்டம் வாங்கின ஆய்வேட்டை அதுக்கப்புறம் ஒருநாளும் திறந்துகூடப் பார்க்கலை! (பலத்த கைதட்டல்)

கடைசிக் கோட்டையை நான் இன்னும் தாண்டலைங்க. அந்தப் பையனுக்கு இப்போ ஒரு பொண்ணு இருக்கா. போன மாசம் அவகூட உட்கார்ந்து ஆடினேன். "தாத்தா, எங்க செத்தீங்க?"ங்கிறா!

நடுவர் மணி அடித்துவிட்டார்கள். அந்த விளையாட்டிலும் இது உண்டு, நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் பாட்டு வேகம் பிடிக்கும். எனக்கு வேகம் பிடித்துவிட்டது.