நோய் எதிர்ப்பு ஆற்றலும் அதன் பிறழ்வும்



நாவலப்பிட்டியில் மழைக்குப் பஞ்சமில்லை. ஊரை ஒட்டிச் செல்லும் மகாவலி கங்கையும், தேயிலைச் சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஆண்டின் பெரும்பகுதி நீர் பெருகியே ஓடும். இத்தகைய ஈர வலயத்தில், விரைந்தோடும் வெள்ளம் நுளம்பின் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். ஆகவே மலேரியாக் காய்ச்சல் இங்கு வாழ்ந்தோர்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதிருந்தது. அந்த நற்பேறே ஒரு காலத்தில் பெருங்கேடாக முடிந்தது.

1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிசு நுளம்பு பல்கிப் பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலும் கண்டி மாவட்டத்தின் சில பகுதிகளிலும் காய்ச்சல் காட்டுத்தீப்போற் பரவியது. 1935 ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மலேரியா நிலையாகக் குடிகொண்டிருந்த உலர் வலயத்திலோ அத்துணை அழிவு நேரவில்லை. காரணம் யாது?

உலர் வலயத்தார் இளமை முதல் அந்நோய்க்கு மீண்டும் மீண்டும் ஆளானவர்கள். குழந்தைகள் பலரைப் பலிகொடுத்தே அவர்கள் அதை ஓரளவு தாங்கும் வலிமையைப் பெற்றிருந்தனர். ஈர வலயத்தார் உடல்களோ அப்பகைவனை அதற்குமுன் சரிவரக் கண்டதில்லை. இவ்வலிமையையே நிர்ப்பீடனம் என்பர்.

அது இயங்கும் முறையைச் சற்று நோக்குவோம். தோலும், மூக்கு, தொண்டை முதலியவற்றின் உட்படலமும் உடலின் மதில்கள். அவற்றைக் கடந்து கிருமி நுழையுமாயின், குருதியிலுள்ள வெண்குழியங்களுட் சில அதனை விழுங்கி அழிக்கும். வேறு சில அதன் உருவை அறிந்து, அதற்கே பொருந்தும் பிறபொருளெதிரிகளை ஆக்கும். முதன்முறை இதற்குப் பல நாட்கள் செல்லும். போர் முடிந்த பின்னும் நினைவுக் குழியங்கள் எஞ்சி நிற்பதால், அதே பகைவன் மீண்டும் வரும்போது எதிர்ப்பு விரைந்து எழும். நோயின் துன்பமின்றியே இந்நினைவை ஊட்டுவதுதான் தடுப்பூசி.

ஆயினும், காக்கும் படையும் சிற்சில வேளைகளில் தடுமாறுவதுண்டு. மகரந்தம், தூசி போன்ற தீங்கற்ற பொருள்களைப் பகையெனக் கருதி அது பொங்கியெழும்போது தும்மலும் இழுப்பும் உண்டாகின்றன. இன்னும் சிலரிடத்து அது தன் உடலையே தாக்குகின்றது. பிள்ளையொன்றுக்கு ஒருவகைப் பக்றீரியாவினால் தொண்டைநோய் வருகின்றது, அதுவும் தணிந்துவிடுகின்றது. ஆனால், இரண்டு மூன்று வாரங்களின் பின் மூட்டுகள் வீங்கி, காய்ச்சல் காய்கின்றது. கிருமியை எதிர்க்க எழுந்த படை, கிருமியின் சாயலையுடைய இதய வால்வுகளையும் தாக்கிவிடுகின்றது. இதுவே வாதக் காய்ச்சல். இதனால் பழுதான வால்வு வாழ்நாள் முழுவதும் தொல்லை தரக்கூடும். தொண்டைநோய்க்கு உரிய காலத்தில் மருத்துவர் தரும் பெனிசிலின் இதனைத் தடுக்கவல்லது. ஆகவே, பிள்ளையின் தொண்டைவலியைக் கைவைத்தியத்தோடு விட்டுவிடலாகாது.

டெங்குவின் செய்தி இன்னும் விந்தையானது. டெங்கு வைரசு நான்கு வகைப்படும். ஒருவகைக்கு எழுந்த பிறபொருளெதிரி, பின்னர் வேறொரு வகை வரும்போது அதனை அழிக்க மாட்டாது பற்றிக்கொண்டு, வெண்குழியங்களுக்குள்ளேயே அதற்கு வழிகாட்டிவிடுகின்றது. இதனாலேயே இரண்டாம் முறை வரும் டெங்கு கொடியதாகும் வாய்ப்பு மிகுதி. காய்ச்சல் தணியும் வேளையில் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். காய்ச்சல் விட்டதென்று வீட்டார் மகிழும் அந்நேரமே கண்காணிக்க வேண்டிய நேரம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்வு ஆகியன தோன்றின் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. அசுப்பிரின் மாத்திரையைத் தொடவும் வேண்டாம்.

2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. பெருமைக்குரிய இவ்வெற்றியில் ஒரு பொறுப்பும் அடங்கியிருக்கின்றது. இன்று நாட்டு மக்களுட் பெரும்பாலோர் அந்நோயைப் பழகாத உடலினர். 1934 இல் ஈர வலயத்தார் இருந்த நிலையில் இருப்பவர்கள். மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று மீள்வோர் காய்ச்சல் கண்டால், தாம் சென்றுவந்த இடத்தை மருத்துவரிடம் கூறி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது, தம்மோடு அயலாரையும் காக்கும் செயலாகும். உடலின் காவலுக்கு ஊரின் விழிப்பும் துணைநிற்றல் வேண்டும்.