தேக சுகமும் வயதும்

(நமது சங்கத்தின் வருஷாந்தர மகாசபையில் நிகழ்த்திய பிரசங்கம்)



அறுபது நிரம்பியவர் சஷ்டியப்த பூர்த்தியும், எண்பதை அடைந்தவர் சதாபிஷேகமும் திருக்கடையூரில் அபிராமி அம்மன் சந்நிதியில் செய்துகொள்வது நம் காவிரி நாட்டு வழக்கம். சென்ற வருஷம் அவ்விதம் செல்ல வேண்டியவர் என் தமையனார். நாளும் குறித்தாயிற்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், குறுவை அறுவடையின்போது, வலக்கையும் பேச்சும் விழுந்துபோய்க் களத்திலேயே சாய்ந்தார். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவரல்லர். இரத்தக் கொதிப்பு நெடுங்காலமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். இன்று பேரனைப் பெயர் சொல்லி அழைக்கவியலாமல் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்.

2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பின், கொதிப்பும் நீரிழிவும் பார்க்கும் பெண்மணி ஒருவர் அவர் வீடு தேடி வந்ததுண்டு. “எனக்கென்ன நோய்?” என்று திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார். இந்நோய் பெரும்பாலும் யாதொரு குறியும் காட்டாதென்பது அவருக்குத் தெரியாது. முப்பது வயது முதலே இதை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிற்க. நம் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் முடங்கியதையும், தீட்டாத அரிசியால் தேறியதையும் ஜாவாவில் கண்டறிந்தவர் எய்க்மான் என்னும் டச்சு வைத்தியர். அதன் பொருட்டு 1929-இல் நோபல் பரிசு பெற்றார். நெல்லைப் புழுக்கும்போது உமியடுத்த சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்குகிறது. நம் பாட்டிமார் புழுங்கலரிசி உண்டது வீண்போகவில்லை. ஆயினும் அவர்கள் நாற்று நட்டார்கள், நெல் குத்தினார்கள். அவ்வேலைகளை இன்று இயந்திரம் செய்கிறது. இலையிற் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. இந்திய தேசத்தில் வயது வந்தோருள் 100-க்கு 11 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர் என்று 2023-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி கூறுகிறது. நாற்பதைக் கடந்தவர் சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் பயறும் கூட்டிக்கொள்வது நலம். கைக்குத்தல் அரிசியானாலும் அளவு அளவுதான். கல்யாணப் பந்தியில் “இன்னும் கொஞ்சம்” என்று உபசரிப்போர் என்னை மன்னிக்க வேண்டும்.

வாலிபர்களுக்குச் சொல்வது புகையிலையை விடுங்கள் என்பதே. முதியோர் தினமும் நடந்து கால்வலுவைக் காத்தால் தவறி விழுவது குறையும்.

தாய்மார்களே, கடைசியில் மிஞ்சியதை உண்டு சோகை பிடித்திருப்பது பதிபக்தியன்று. மார்பிற் கட்டி கண்டால் நாணி மறைக்காதீர்கள். புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தார். அத்துயரமே 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாயிற்று.

இவ்வருஷம் முதல் மகாசபை தினத்தில் செவிலியார் ஒருவரை அமர்த்த நிர்வாக சபையார் இசைந்தனர். இன்று காலையில் முதலிற் கை நீட்டியவன் அடியேன். 152-க்கு 94 என்று காட்டிற்று. தமையனார் விழுந்த பின்னும் ஒரு வருஷம் அளக்காமலே இருந்தேன் என்பதை வெட்கத்துடன் சொல்கிறேன். செவிலியார் நான்கு மணி வரை வாயிலண்டை இருப்பார்.